உங்களுக்குத் தெரியுமா? – கோடை விடுமுறைப் புத்தகங்கள்

● அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் 17 பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. ரிச்சர்ட் ஆலிங்டன், ஆன் மெக்கில்-ஃபிரான்சன் என்ற இரு பேராசிரியர்கள், கோடை விடுமுறைக்கு முன்னால் அந்தப் பள்ளிகளில் புத்தகக் கண்காட்சி வைத்தார்கள். பிள்ளைகள் தாங்களே புரட்டிப் பார்த்துப் பிடித்ததைச் சொல்ல வேண்டும். அதிலிருந்து ஆளுக்கு 12 புத்தகங்கள் கிடைக்கும், திருப்பித் தர வேண்டியதில்லை. மூன்று கோடைகள் இப்படியே போயின. 2010-இல் முடிவு வெளிவந்தபோது, புத்தகம் கிடைத்த பிள்ளைகளின் வாசிப்புத் திறன் கிடைக்காதவர்களைவிட உயர்ந்திருந்தது. அதிலும் வறுமை மிகுந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் பலன் அதிகம்.

புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்பதுதான் இதில் முக்கியம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோடைப் புத்தகம் வாங்கும்போது நாம் பெரும்பாலும் அவர்களைக் கடைக்கு அழைத்துப் போவதே இல்லை. பட்டியல் போட்டு வாங்கி வந்து மேசையில் வைத்துவிடுகிறோம். பிள்ளை எடுக்கட்டும். எடுப்பதற்கு நல்ல புத்தகங்கள் நாலு கண் முன்னால் இருக்கும்படி செய்வது நம் வேலை.

● இதை நம் ஊர்க்காரர் ஒருவர் 1931-லேயே விதியாக எழுதி வைத்துவிட்டார். சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன்தான் அவர். அவர் வகுத்த ஐந்து நூலக விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் உண்டு என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் உண்டு என்பது. உலகெங்கும் நூலகவியல் படிப்பவர்கள் இன்றும் முதலில் கற்பது இவற்றைத்தான்.

அதே 1931-இல், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றுவட்டார ஊர்களுக்கு அனுப்பினார். புத்தகத்தைத் தேடி வர முடியாதவரிடம் புத்தகமே போகட்டும் என்ற ஏற்பாடு அது. கோடையில் பாட்டி வீட்டுக்குப் போகும் பிள்ளையின் பையில் இரண்டு புத்தகங்களை வைத்து அனுப்புவதும் அதே வேலைதான்.

● புத்தகம் பிள்ளைக்குச் சரியா என்று பார்க்க ஐந்து விரல் போதும். நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும். ஒரு விரல்கூட மடங்கவில்லை என்றால் மிக எளிது. இரண்டு, மூன்று மடங்கினால் பொருத்தம். பக்கம் முடிவதற்குள் ஐந்தும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகத்தை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்கலாம், அல்லது இரவில் நீங்கள் வாசித்துக் காட்டலாம்.

தமிழில் இந்தச் சோதனைக்கு ஒரு திருத்தம் தேவை. பழைய பதிப்புகளில் நாலைந்து சொற்கள் புணர்ந்து ஒரே நீளச் சரமாக நிற்கும். பிரித்துச் சொன்னால் பிள்ளைக்கு அத்தனையும் தெரிந்த சொற்களாகவே இருக்கும். அதற்கு விரல் மடக்க வேண்டாம். ஒருமுறை பிரித்துக் காட்டினால் போதும்.

● சாகித்திய அகாதெமி 2010 முதல் ஒவ்வோர் ஆண்டும் பால சாகித்திய புரஸ்கார் விருது தருகிறது. தமிழில் முதல் விருது மா. கமலவேலனின் 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி' நூலுக்கு. எதில் தொடங்குவது என்று திகைப்பவர்களுக்கு இந்த விருதுப் பட்டியலே ஒரு நல்ல வாசல். நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் முதலில் நீட்டுவது மூன்று: கீழடியைக் களமாகக் கொண்ட உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' (2023), அறிவியலைக் கதையோடு பிசைந்து தரும் இரா. நடராசனின் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' (2014), யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' (2020).

கடைசிப் புத்தகம், குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பற்றிப் பிள்ளைகளிடமே பேசுகிறது. பெற்றோர் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள். தடுப்பதற்காக அல்ல, பிள்ளை வந்து ஏதாவது கேட்டால் பதில் சொல்ல ஆயத்தமாக இருப்பதற்காக. பதினோரு, பன்னிரண்டு வயதில் கேட்கத் தோன்றும் கேள்விகளுக்குப் புத்தகம் ஒரு சாக்கு. அந்தச் சாக்கு கிடைக்காமல் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் பிள்ளைகள் நிறையப் பேர்.

● 'இரும்புக்கை மாயாவி' தமிழுக்கு வந்தது 1972-இல், சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக. இன்று தாத்தா ஆகிவிட்ட பலர் ஒரு மூச்சில் படித்து முடித்த முதல் புத்தகம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வார்கள். படக்கதை படிப்பது படிப்பில் சேராது என்று இன்னும் சில வீடுகளில் பிடுங்கி வைக்கிறார்கள். படத்தைப் பார்த்து, குமிழுக்குள் இருக்கும் பேச்சைப் படித்து, இரண்டு கட்டங்களுக்கு இடையில் என்ன நடந்திருக்கும் என்று பிள்ளை தானே கட்டிக்கொள்ள வேண்டும். இதுவும் முழு வாசிப்புதான். பிடுங்காதீர்கள்.

● பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து உருவாக்கிய 'குழந்தைகள் கலைக்களஞ்சியம்' 10 தொகுதிகள் கொண்டது. 1968-இல் தொடங்கி 1976 வரை வெளிவந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம். தகவல்கள் பழையவைதான். ஆனால் ஒரு கலைக்களஞ்சியத்தை எங்கே வேண்டுமானாலும் திறந்து, எங்கே வேண்டுமானாலும் மூடிவிடலாம். கதையில் மனம் ஒட்டாத பிள்ளைகளுக்கு, குறிப்பாகத் தகவல் சேகரிப்பதில் ஆசையுள்ளவர்களுக்கு, இந்த வகைப் புத்தகம்தான் பிடிக்கும். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்தும் 'துளிர்' மாத இதழும் இவர்களுக்கு ஏற்றது.

● பள்ளிக் கல்வித் துறை வெளியிடும் 'தேன்சிட்டு' இதழ் 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கானது. அதே துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்களுக்கு நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள் உண்டு. ஏழாம் வகுப்புப் பிள்ளை 'நட' நூலை எடுத்தால் முகம் சுளிக்கக் கூடாது. வகுப்பு எண்ணும் வாசிப்புப் படியும் ஒன்றல்ல. எளிய நூல் நாலு முடித்த தெம்பில்தான் ஐந்தாவதாகக் கொஞ்சம் கடினமானதை எடுக்கும்.

● பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக், பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். 1992-இல் எழுதிய நூலில் வாசகரின் உரிமைகள் என்று பத்தைப் பட்டியலிட்டார். பக்கங்களைத் தாண்டிப் போகும் உரிமை, பாதியில் நிறுத்தும் உரிமை, படித்ததையே மறுபடி படிக்கும் உரிமை எல்லாம் அதில் உண்டு. வாங்கின புத்தகத்தை முடிக்காமல் அடுத்ததைத் தொடாதே என்று சொல்லும் வீடுகளில், முடியாத அந்த ஒரு புத்தகமே கோடை முழுவதையும் விழுங்கிவிடுகிறது.

● கிளை நூலகங்கள் பலவற்றுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிறன்று திறந்திருக்கும். உறுப்பினர் அட்டை எடுப்பதை ஆண்டுத் தேர்வுக்கு முன்பே முடித்துவிடுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரைக்காரர்களுக்கு 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர் பிரிவு தனியாக உண்டு.

● புதுப் புத்தகத்தை எடுத்ததும் நடுவில் விரித்து அழுத்தினால் முதுகு விரிசல் விடும். பசை போட்டு ஒட்டிய மெல்லட்டைப் புத்தகம் என்றால் இரண்டே வாரத்தில் தாள் தாளாக வந்துவிடும். முதுகு கீழே படும்படி மேசையில் நிறுத்துங்கள். முன்னட்டையையும் பின்னட்டையையும் இரு பக்கமும் சாயவிட்டு, முன்னாலிருந்து பத்துத் தாள், பின்னாலிருந்து பத்துத் தாள் என்று மாற்றி மாற்றி மெல்ல நீவிவிட்டு நடுப்பக்கத்துக்கு வாருங்கள். இதைப் பிள்ளையையே செய்யச் சொல்லுங்கள். நீவும்போதே ஒரு படமோ தலைப்போ கண்ணில் பட்டுக் கை நின்றுவிடும்.

பழுப்புத் தாளில் அட்டை போட வேண்டாம். பாடப் புத்தகக் கும்பலோடு கலந்துவிடும். கண்ணாடித் தாள் உறை போட்டால் மேலட்டைப் படம் தெரியும். அலமாரியிலும் முதுகு தெரிய அடுக்காமல், நாலைந்தையாவது முகம் தெரியச் சாய்த்து வையுங்கள்.

● கிழிந்த பக்கத்துக்கு செல்லோ டேப் ஒட்டினால் சில வருடத்தில் பசை மஞ்சளாகி, எழுத்தின் மேல் கறை இறங்கும். மெல்லிய வெள்ளைத் தாளைக் கத்தரிக்கோல் போடாமல் கையால் பட்டையாகக் கிழித்து, மைதாப் பசை தொட்டு ஒட்டுங்கள். கையால் கிழித்த ஓரத்தில் இழை பிசிறாக நிற்பதால் பக்கத்தோடு படிந்துவிடும். பைண்டிங் கடைக்காரர்கள் மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு. வீட்டில் பிள்ளைகளோடு செய்யும்போது வெறும் பசையே போதும், அன்றன்று காய்ச்சிக்கொள்ளலாம்.

பழைய புத்தகக் கடையில் வாங்கியதை நேராக அலமாரியில் வைக்காதீர்கள். நிழலில் காற்றாடப் பிரித்து, ஒவ்வொரு பக்கமாகத் தூசி தட்டி, இடுக்கில் ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். மே மாத வெயிலில் நேராகக் காயவைத்தால் தாள் பழுத்து நொறுங்கும்.

● படித்தால் பரிசு என்று அறிவிப்பதற்கு முன் இதைப் படியுங்கள். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற அமெரிக்க உளவியலாளர்கள், வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஆர்வமுள்ள மழலையர் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். வாக்களித்தபடி கொடுத்தும்விட்டார்கள். பிறகு கவனித்தபோது, மற்றப் பிள்ளைகளைவிட இவர்கள் தாமாகப் பேனாவை எடுப்பது குறைந்துபோயிருந்தது.

2008-இல் வாசிப்பை வைத்தே மாரினாக், கேம்பிரல் என்ற இருவர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். சின்னச் சின்னப் பொருள்களைப் பரிசாகப் பெற்றவர்கள் அதன் பிறகு படிப்பதில் அவ்வளவு நாட்டம் காட்டவில்லை. புத்தகத்தையே பரிசாகப் பெற்ற பிள்ளைகளுக்கு அந்தக் குறை வரவில்லை. எனவே முடித்த புத்தகத்துக்குப் பரிசு தரத்தான் வேண்டும் என்று தோன்றினால், சாக்லேட்டை விட்டுவிட்டுப் புத்தகக் கடைக்கு அழைத்துப் போங்கள். அங்கேயும் எடுப்பது பிள்ளையாகவே இருக்கட்டும்.