முத்தின் வெண்மையும் இரண்டு யந்திரங்களும்

பழைய கொற்கைத் துறையை விட்டுக் கடல் விலகிப் போயிற்று. அதன் வாரிசாக வந்த தூத்துக்குடியிலும் முத்துக்குளிப்பு 1961-ஆம் வருஷத்தோடு நின்றுவிட்டது. ஆயினும் நிறத்தைக் கூர்ந்து பார்த்துத் தரம் பிரிக்கும் தொழில் இந்தக் கரையை விட்டு முற்றும் போய்விடவில்லை. முத்து வியாபாரி உள்ளங்கையிலே வைத்துச் செய்ததை இன்று புகைப்படக்காரர் கணினித் திரையிலே செய்கிறார். உப்பளத்துக் குவியலின் வெண்மையில் எத்தனை சாயல்கள் தெரிகின்றன, மணப்பெண்ணின் அரக்குப் புடவை அரக்காகவே இருக்கிறதா என்பதெல்லாம் அவருக்கு வயிற்றுப்பாட்டு விஷயம்.

இந்தக் காரியத்துக்கு ஏற்றது ஆப்பிள் கம்பெனியின் மாக்கின்டாஷா, விண்டோஸ் யந்திரமா என்னும் வழக்கு இத்தொழிலில் வெகு காலமாக நடந்து வருகிறது. புதிதாக ஸ்டூடியோ வைக்கும் இளைஞர், மாக் இல்லாவிட்டால் மதிப்பில்லை என்று அஞ்சிக் கடன் வாங்குகிறார்.

அந்த அச்சத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. அமெரிக்காவில் தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் சகோதரர்கள் ஆக்கிய போட்டோஷாப் 1990-ல் மாக்கின்டாஷுக்கு மட்டுமே வெளிவந்தது. விண்டோஸ்காரர்கள் இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு நிறம் மாறாமல் கொண்டு செல்லும் கலர்சிங்க் என்ற ஏற்பாட்டையும் ஆப்பிள் 1993-லேயே செய்துவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நடுத்தர ஒளி திரையில் எவ்வளவு பிரகாசமாகத் தெரியவேண்டும் என்பதற்குக் 'காமா' என்றொரு கணக்கு. அச்சுக் காகிதத்தோடு ஒத்துவரட்டும் என்று மாக்கில் அதை 1.8 ஆக வைத்திருந்தார்கள், விண்டோஸிலோ 2.2. ஆகவே மாக்கிலே பளிச்சென்றிருந்த படம் விண்டோஸிலே இருண்டு தோன்றும். பார்ப்பவர் கண்ணைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. 2009-ல் ஆப்பிளும் 2.2-க்கு வந்து சேர்ந்தது. வித்தியாசம் தீர்ந்தது, கட்சி மட்டும் தீரவில்லை!

நம் பக்கத்தில் விண்டோஸ் வேரூன்றியதற்குத் தமிழும் ஒரு காரணம். கல்யாண ஆல்பத்தில் மணமக்கள் பெயரைப் போடாமல் முடியுமா? போட்டோஷாப் நெடுங்காலம் யூனிகோட் தமிழைச் சரியாகக் கோக்கவில்லை. கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலுமாக நின்றன. விண்டோஸுக்கென்று நம்மவர் முன்பே செய்து வைத்திருந்த எழுத்துருக்கள்தாம் கைகொடுத்தன. உப்புக் காற்றில் ஒரு பாகம் கெட்டால், விண்டோஸ் மேஜைக் கணினியில் அதை மட்டும் கழற்றி மாற்றலாம் என்பதும் சிறிய சௌகரியமன்று. 2020 முதல் மாக்கில் வரும், ஆப்பிள் தானே வடிவமைத்த சில்லுகள் வேகமானவை, மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுபவை என்பதை நான் மறுக்கவில்லை. வெளியூர் சென்று வீடியோவும் எடுப்பவருக்கு அது பெரிய உதவி.

ஆனால் புடவை கறுத்துப் போவதற்குக் காரணம் வேறு. திரையின் நிறம் நாளடைவில் மாறும். ஜன்னல் வெளிச்சமும் ஏமாற்றும். திரைமேல் வைத்து நிறத்தை அளக்கும் சிறு கருவி ஒன்று உண்டு. அதன் விலை, மாக் மடிக்கணினியின் விலையில் ஒரு சிறு பங்குதான். இரண்டு யந்திரங்களிலும் அது வேலை செய்யும். என்னிடம் படித்த ஒருவர் மாதம் ஒரு முறை, இரவில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தம் திரையை அளந்து சரிசெய்கிறார். அவரிடம் இருப்பது பழைய விண்டோஸ் பெட்டி. சென்ற தை மாதம் ஆல்பம் வாங்க வந்த மணப்பெண்ணின் தாயார், கையோடு கொண்டுவந்த முகூர்த்தப் புடவையைப் படத்தின் பக்கத்திலே விரித்து வைத்து வெகுநேரம் பார்த்தாராம். பிறகு ஒன்றும் சொல்லாமல் மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்தாராம்.