காப்பிலி: ஒரு சொல்லும் ஒரு சமையற்காரரும்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பலெர்மோ நகரின் கபோ சந்தைக்குப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். இடையில் மீன்காரர் கூவுவது கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஈழத்தமிழர் வீடுகளில் சாதாரணமாகப் புழங்குகிற ஒரு சொல்லைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. அந்தச் சொல், காப்பிலி.

நான் இங்கே ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். சில வருடங்களுக்கு முன் காம்பியாவிலிருந்து வந்த ஓர் இளைஞன் கோப்பை கழுவும் வேலைக்குச் சேர்ந்தான். நானும் இன்னொரு தமிழரும் அவன் முன்னாலேயே அவனை அந்தச் சொல்லால் குறிப்பிட்டுப் பேசிக்கொள்வோம். தமிழ்தானே, விளங்காது என்ற துணிவு. ஒருநாள் அவன் இத்தாலிய மொழியில் கேட்டான்: "அடிக்கடி ஒரு சொல் சொல்கிறீர்களே, அது என்னையா?" நான் "தம்பி என்று அர்த்தம்" என்றேன். அந்தப் பொய்தான் என்னை இந்தச் சொல்லுக்குப் பின்னால் அலையவைத்தது.

'காஃபிர்' அரபுச் சொல். நம்பிக்கையற்றவர் என்று பொருள். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் இஸ்லாத்தைத் தழுவாத மக்களை அரபு வணிகர்கள் அப்படி அழைத்தார்கள். போர்த்துக்கேயர் அதை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் இலங்கைக்கு ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்தபோது சொல்லும் கூடவே வந்தது. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் மேலும் பலரைக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளத்துச் சிறாம்பியடியில் வாழ்கிறார்கள்; 'மஞ்சா' என்ற தங்கள் பாட்டையும் ஆட்டத்தையும் காத்துவருகிறார்கள். நமக்கோ அவர்களுடைய பாட்டுத் தெரியாது. சுருட்டை முடிக்காரப் பிள்ளையைக் கேலி செய்ய அந்தச் சொல் மட்டும் தெரியும்.

இனி பலெர்மோவுக்கு வருகிறேன். இங்குள்ள தமிழர்கள், சைவர்கள்கூட, பெல்லெக்ரினோ மலையேறிப் புனித ரொசாலியாவைக் கும்பிடுவார்கள். நானும் ஏறியிருக்கிறேன். ஆனால் இதே நகரத்துக்கு ஒரு கறுப்புப் புனிதரும் உண்டு என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது. 'சான் பெனெதெத்தோ இல் மோரோ' என்பார்கள்.

1526ஆம் ஆண்டளவில் சிசிலியின் சான் ஃப்ரதெல்லோ ஊரில், அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கத் தாய்தகப்பனுக்குப் பிறந்தவர். ஆடுமாடு மேய்த்தார். பிறகு துறவியாகி, பலெர்மோவின் சாந்தா மரியா தி ஜேசு மடத்தில் சமையற்காரரானார். எழுத வாசிக்கத் தெரியாது. குருப்பட்டமும் இல்லை. அப்படியிருந்தும் 1578இல் அந்த மடத்துக்கே அவரைத் தலைவராக்கினார்கள். படித்த குருமார் அவருக்குக் கீழே இருந்தார்கள். பதவிக்காலம் முடிந்த பின் அவர் திரும்பவும் அடுப்படிக்கே போனார். 1589இல் காலமானார், 1807இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

இலக்கியம் அவரை என்ன செய்தது? ஸ்பானிய நாடகாசிரியர் லோபே தே வேகா அவரை வைத்து ஒரு நாடகம் எழுதினார். அதில் அவர் பிடிபட்ட கடற்கொள்ளைக்காரன், பெயர் ரொசம்புகோ. மேய்ப்பனாக, சமையற்காரனாக இருந்த ஒரு கறுப்பு மனிதன் தன் வேலையாலும் குணத்தாலும் உயர்ந்தான் என்பது மேடைக்குப் போதவில்லை போலும். ஆனால் பிரேசிலில் அடிமைப்பட்டிருந்த ஆப்பிரிக்கர்களுக்கு அந்த உண்மைக்கதையே போதுமாக இருந்தது. தங்கள் சகோதரத்துவ சபைகளுக்கு அவர் பெயரை வைத்தார்கள். 'எங்களில் ஒருவர்' என்று சொல்ல அவர்களுக்கு ஓர் ஆள் கிடைத்தார்.

அமெரிக்காவில் கார்ட்டர் வூட்சன் 1926இல் கறுப்பர் வரலாற்று வாரத்தைத் தொடங்கியதும் அதற்காகத்தான். 1976இல் அது மாதமாக வளர்ந்தது. இன்று அலுவலகங்களிலும் கொண்டாடுகிறார்கள்; படம் மாட்டுகிறார்கள், பேச்சு வைக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பெனெதெத்தோவின் மடம் அவரைப் புகழ்ந்ததோடு நிற்கவில்லை, பொறுப்பைக் கையில் கொடுத்தது. வேலையிடத்தில் ஒரு பாரம்பரியத்தை மதிப்பது என்றால் எனக்கு விளங்குவது அதுதான். கழுவுதொட்டியில் நிற்கிறவன் நாளை அடுப்புக்கு வரலாம், மறுநாள் கணக்குப் புத்தகத்துக்கும் வரலாம் என்ற வழி திறந்திருக்க வேண்டும். எனக்கு முந்தி வந்த தமிழர் ஒருவர் கத்தி பிடிக்கப் பழக்கியதால்தான் நானே தொட்டியை விட்டு வெளியே வந்தேன்.

கடைசியில் அந்த இளைஞனிடம் உண்மையைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. கொஞ்சநேரம் கழித்து, "அப்படியென்றால் தம்பிக்கு உங்கள் மொழியில் என்ன?" என்று கேட்டான். சொல்லிக்கொடுத்தேன். மன்னித்துவிட்டான் என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த வாரம் முதலாளியிடம் பேசி, மீன் வெட்டப் பழக்குவதற்கு அவனை என் பக்கத்தில் நிறுத்தினேன். இன்று கபோவில் மீன் பார்த்து வாங்கி வருகிறவன் அவன்தான்.

2023 ஜூலை மாதக் காட்டுத்தீயில் சாந்தா மரியா தி ஜேசு தேவாலயம் எரிந்தது. அங்கிருந்த பெனெதெத்தோவின் உடல் எச்சங்களும் தீக்கிரையாயின. அவரைப் பற்றிய பேச்சையாவது நாம் மிச்சம் வைக்கலாம். காப்பிலி என்ற சொல்லைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் நம்மோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்விகள் இருந்தால் பேசுவோம்.