வெள்ளத்தில் வாடும் மரங்கள்

மாரி வெள்ளம் நின்ற வளவில் முதலில் தலை சாய்வது பப்பாசி. காலடி முழுக்கத் தண்ணீர் நிற்க, இலைகள் கோடை வெயிலில் கிடந்ததுபோல் தொங்கும். இரண்டு மூன்று நாள் தாண்டினால் அடித்தண்டு அழுகத் தொடங்கும்.

வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணின் இடுக்குகளில் இருந்த காற்றைத் தண்ணீர் வெளியேற்றிவிடுகிறது. தண்ணீருக்குள் ஒட்சிசன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. மூச்சுத் திணறும் வேர், கள் புளிக்கும் அதே வழிக்குத் திரும்பிச் சீனியை மதுசாரமாக்குகிறது. அதில் கிடைக்கும் சக்தி, காற்றோடு கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கும் தேறாது. நீரை உறிஞ்ச வலுவில்லாத வேரின் மேலே இலை வாடாமல் என்ன செய்யும்?

மாமரம் கெட்டிக்காரி. நீர்மட்டத்தை ஒட்டி அதன் பட்டையில் சிறு துளைகள் வெள்ளையாகப் புடைத்து எழும். காற்று போய்வர அதுவே வழி. புளோரிடாவில் ஆய்வாளர்கள் அந்தப் புடைப்புகளை வசிலின் பூசி அடைத்துப் பார்த்தார்கள். கன்றுகள் சில நாட்களில் செத்தன. ஆனால் எல்லா மாங்கன்றும் இப்படிப் புடைப்பதில்லை. கொய்யாவும் நாவலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். பலாவுக்கு இந்தப் பொறுமை கிடையாது.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் செம்பாட்டு மண்ணில் தண்ணீர் கீழே சுண்ணக்கல்லுக்கு வேகமாக இறங்கிவிடும். வில்லங்கம் பண்டத்தரிப்பு போன்ற ஊர்களின் தாழ்ந்த வளவுகளுக்குத்தான். 2008 நவம்பரில் நிஷா புயல் யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 380 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது. ஆண்டு மழையில் கால் பங்குக்கும் அதிகம். முன்பு கிடுகு வேலிக்குள்ளால் ஒழுங்கைக்கு ஓடிய வெள்ளம் இன்று மதிலில் முட்டி நிற்கிறது. என் கணக்கில், மழையைவிட மதில் கொல்லும் மரங்களே அதிகம். மதிலின் அடியில் ஒழுங்கைப் பக்கமாக ஒரு குழாய் விட எவ்வளவு செலவாகும்?

பப்பாசியையும் பலாவையும் முழங்கால் உயர மேட்டில் நடலாம். வெள்ளம் வடிந்ததும் பதறிப்போய் பசளை போடுவதுதான் பெரும் பிழை. வேர்முனைகள் செத்துக் கிடக்கும்போது பசளையின் உப்பு மிச்ச வேரையும் எரிக்கும். அடிமண்ணை மிதிக்காமல், சேறு காய்ந்ததும் மேலாகக் கிளறி, புதுத் தளிர் விடும்வரை காத்திருப்பதே வைத்தியம்.