உங்களுக்குத் தெரியுமா? குறிவைத்த பந்தும் திருவாரூர்க் கல்தேரும்

திருவாரூரில் நிற்கும் கல்தேர், தேர்க்காலில் கன்றைப் பறிகொடுத்த பசுவின் கதையைச் சொல்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தின்படி, கன்றுதான் தேர்க்காலில் பாய்ந்தது; இளவரசன் வேண்டுமென்று ஏற்றவில்லை. ஆனாலும் மனுநீதிச் சோழன் மகனின் மனத்தை அல்ல, பசுவின் இழப்பையே அளந்தான். மகனையும் தேர்க்காலில் இட்ட தண்டனை மிகக் கடுமையானது. தொடங்கிய இடம் சரியானது.

பேஸ்பாலில் வழி வேறு. மட்டையாளரைக் குறிவைத்தே எறிந்தார் என்று நடுவர் கருதினால் எறிந்தவரை வெளியேற்றலாம். ஆனால் மனத்தை யார் பார்த்தது? 1920-இல் கார்ல் மேஸ் எறிந்த பந்து தலையில் பட்டு, மட்டையாளர் ரே சாப்மன் மறுநாள் இறந்தார். வேண்டுமென்று எறியவில்லை என்றார் மேஸ். அதை உறுதியாக மறுக்கவும் வழியில்லை, ஏற்கவும் வழியில்லை. அறுவடை முடிந்த டெல்டா வயல்களில் சிறுவர்கள் ஆடும் கிரிக்கெட்டின் விதி இந்தச் சிக்கலைத் தவிர்க்கிறது: தரையில் படாமல் மட்டையாளரின் இடுப்புக்கு மேல் வரும் பந்து நோபால், கை நழுவியதா என்ற கேள்வியே இல்லை.

கை நழுவியவரும் வஞ்சம் வைத்தவரும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்ல. ஆனால் முன்பகை, ஆட்டத்தின் நிலை, பந்து போன திசை எல்லாம் ஒரே பக்கம் காட்டினால்தான் கூடுதல் தண்டனை நியாயம். ஆபத்தான பந்துக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.