கூண்டில் பிறந்த காண்டாமிருகக் கன்று

1889-ஆம் ஆண்டில் கல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சிசாலையில் சுமத்ரா காண்டாமிருகம் ஒன்று கன்று ஈன்றது. அதன்பின் 112 ஆண்டுகள் வரை, மனிதர் பராமரிப்பிலேயே கருக்கொண்டு பிறந்த இவ்வினக் கன்று எங்கும் கிடைக்கவில்லை.

காண்டாமிருக இனங்கள் ஐந்தனுள் மிகச் சிறியதும் உடலெங்கும் ரோமம் உடையதும் இதுவே. காடழிவாலும் கொம்பிற்காக நிகழ்ந்த வேட்டையாலும் இன்று நூற்றுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. 1984 முதல் 1996 வரை நாற்பது விலங்குகள் பிடிக்கப்பட்டுப் பல நாடுகளில் வளர்க்கப்பட்டன. எனினும், அவற்றுட் பெரும்பாலானவை சந்ததியின்றியே மாண்டன.

இதற்குக் காரணம் யாது? இது தனித்து வாழும் விலங்கு. பெண் விலங்கு பருவம் எய்தாத நாளில் ஆணுடன் விடப்படின், இரண்டும் கடுமையாகப் போரிடும். போருக்கு அஞ்சிப் பிரித்து வைப்பினும் தீங்கே விளையும். நெடுங்காலம் சூலுறாத பெண் விலங்குகளின் கருப்பையில் கட்டிகள் தோன்றி, அவை மலடாகிவிடுகின்றன.

அமெரிக்காவின் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் டாக்டர் டெர்ரி ராத் என்னும் அம்மையார் இச்சிக்கலை ஆராய்ந்தார். எமி என்ற பெண் விலங்கின் இரத்தத்திலுள்ள ஹார்மோன்களை அளந்தும், செவிக்கெட்டா ஒலியலைக் கருவியால் அதன் சூலகத்தை நோக்கியும் வந்தார். ஆணுடன் கூடினாலன்றி இவ்விலங்கில் அண்டம் வெளிப்படுவதில்லை என்னும் உண்மை அப்போது புலனாயிற்று. பூனை, முயல் ஆகியவற்றின் இயல்பும் இதுவே. எனவே, அண்டம் முதிர்ந்த நாளைக் கருவியால் அறிந்து, அந்நாளில் மட்டும் இபு என்னும் ஆணுடன் எமியைச் சேர்த்தனர்.

சேர்க்கை கைகூடியும் ஐந்து முறை கரு அழிந்தது. அடுத்த முறை கருவைக் காக்கும் ஹார்மோன் வாய்வழியே அளிக்கப்பட்டது. ஏறத்தாழ 475 நாட்கள் சுமந்து, 2001 செப்டம்பர் 13 அன்று எமி ஓர் ஆண் கன்றை ஈன்றது. அதற்கு அந்தாலாஸ் என்று பெயரிட்டனர். 2004-லும் 2007-லும் அது மேலும் இரு கன்றுகளை ஈன்றது.

அந்தாலாஸ் 2007-இல் சுமத்ராவின் வே கம்பாஸ் சரணாலயத்திற்கு அனுப்பப்பட்டு, அங்கே 2012-இல் தந்தையாயிற்று. அதன் மகள் டெலிலா 2023 நவம்பரில் கன்று ஈன்றது. அக்கன்றின் தந்தையோ அந்தாலாஸின் உடன்பிறந்த ஹாரப்பன். நெருங்கிய உறவினுள்ளேயே சந்ததி பெருகின், இனத்தின் வலிமை குன்றும். ஆதலின், வனத்தில் சிதறித் தனித்து வாழும் விலங்குகளைக் காலந் தாழ்த்தாது சேர்ப்பதே இனி ஆற்றவேண்டிய பணியாகும். கருவுறச் செய்யும் வழியை விஞ்ஞானம் கண்டுவிட்டது. அதற்கு வேண்டிய விலங்குகள்தாம் அருகிவருகின்றன.