நிரலைக் காக்கும் சோதனைச் சாவடி

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் வழியில் காதங்கி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு அமைந்துள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்தில் 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் பெரிய ரேடார் ஒன்று உண்டு. அது வானை நோக்கி ரேடியோ அலைகளை அனுப்பி, திரும்பி வரும் மெல்லிய எதிரொலியைக் கொண்டு மேல்வளிக் காற்றை அளக்கிறது. எதிரொலி காற்றின் வேகத்தை நேராகக் கூறுவதில்லை. கணிப்பொறி நிரலே அதனைக் கணக்கிட்டுத் தருதல் வேண்டும்.

இத்தகைய நிரலில் நேரக்கூடிய சிறு பிழை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அலைக்கற்றை வானுச்சியிலிருந்து கிழக்கே 10 பாகை சாய்ந்திருக்கிறது. கிழக்கு நோக்கி நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று, செங்குத்து ஓட்டம் இல்லாதபோது, கற்றையின் வழியே 1.74 மீட்டர் வேகமாகவே தோன்றும். அதனைச் சாய்வுக் கோணத்தின் ஸைன் மதிப்பால் வகுத்தால் உண்மை வேகம் கிட்டும். ஆனால் கணிப்பொறி மொழிகள் பலவும் கோணத்தை ரேடியன் அலகிலேயே ஏற்கின்றன. பாகையை ரேடியனாக மாற்றும் வரியை ஒருவர் அறியாது நீக்கிவிட்டால், மேற்கு நோக்கி 3.2 மீட்டர் என விடை வரும். நிரல் நிற்காது, எச்சரிக்கையும் எழாது.

பலர் கூடி எழுதும் நிரலில் யார், எப்பொழுது, எதனை மாற்றினர் என்பதைப் பேணும் முறைக்குப் பதிப்புக் கட்டுப்பாடு என்று பெயர். 2005ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' அவற்றுள் பெரிதும் வழங்குவது. மாற்றம் பதிவாகும் தறுவாயில் தானே இயங்கும் சிறு கட்டளைக் கோப்பைக் 'கொக்கி' என்பர். அது பூஜ்யத்தை விடையாகத் தந்தால் மாற்றம் பதிவாகும். வேறு எண்ணைத் தந்தால் பதிவு நின்றுவிடும்.

கொக்கியை அமைத்தல் கடினமன்று. நிரல் களஞ்சியத்தில் மறைவாக உள்ள 'கிட்' கோப்புறையினுள் 'ஹூக்ஸ்' என்னும் பிரிவு இருக்கும். அதில் 'பிரீ-கமிட்' என்னும் பெயரில் கோப்பை எழுதி, அது இயங்குவதற்கு அனுமதி அளித்தல் வேண்டும். விடை முன்பே தெரிந்த மேற்கூறிய கணக்கை அக்கோப்பு நிரலிடம் கொடுக்கும். விடை 10 மீட்டரினின்று பிறழ்ந்தால், பூஜ்யமல்லாத எண்ணைத் தந்து பதிவைத் தடுத்துவிடும்.

இம்முறையில் ஒரு குறை உண்டு. களஞ்சியத்தைப் படியெடுக்கும்போது கொக்கிகள் உடன் செல்வதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கணிப்பொறியில் அவற்றை அமைத்துக்கொள்ள வேண்டும். 'நோ-வெரிஃபை' என்னும் சொல்லைக் கட்டளையில் சேர்த்து அச்சோதனையைத் தாண்டவும் இயலும். திருமலைக்குச் செல்வோர் தம் பைகளை வீட்டிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். எனினும் அலிபிரியில் மீண்டும் சோதனை நடைபெறுகிறது. அவ்வாறே, பொதுக் களஞ்சியம் உள்ள கணிப்பொறியில் 'பிரீ-ரிசீவ்' என்னும் கொக்கியை அமைத்தல் இன்றியமையாதது. மாற்றத்தை அனுப்புவோர் அதனைத் தம் விருப்பப்படி தாண்ட இயலாது.

சில நொடிகளில் முடியும் சோதனைகளைத் தம் கணிப்பொறியிலும், நீண்ட சோதனைகளைப் பொதுக் களஞ்சியத்திலும் வைத்தல் நன்று. கொக்கி தனக்குக் கற்பிக்கப்பட்ட பிழையை மட்டுமே தடுக்கும். ஆகையால், புதிய பிழை ஒன்று வெளிப்படுந்தோறும் அதனைத் திருத்துவதோடு நில்லாமல், அதற்குரிய சோதனையையும் சேர்த்துவிடுதல் நிரல் எழுதுவோரின் கடமையாகும்.