திரையில் விரியும் கருத்து

கற்றதைப் பிறர்க்குத் தெளிவுற எடுத்துரைப்பது கல்வியின் பயன்களுள் ஒன்று. கரும்பலகையும் வரைபடமும் ஆற்றிய இப்பணியில் இன்று கணினித் திரையும் பங்கேற்கிறது. ஆயினும், விளக்கக்காட்சி அமைக்கும் மென்பொருள்கள் மாணவர்க்குத் தரும் பட்டறிவு ஒரே தன்மையது அன்று.

கருவிகளும் இயல்புகளும்

காரைக்குடிப் பகுதியிலுள்ள நேமத்தான்பட்டி, நகரத்தார் ஊர்களுள் ஒன்று. அவ்வூர் மாணவர் சிலர் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி விளக்கக்காட்சி அமைப்பதாகக் கொள்வோம். அவர்கள்முன் பல கருவிகள் உள்ளன. 1987இல் மேகிண்டாஷ் கணினிக்கென வெளிவந்த பவர்பாயிண்ட், அதே ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் உடைமையாயிற்று. இம்ப்ரெஸ், கட்டணமின்றிக் கிடைக்கும் கட்டற்ற மென்பொருள். கணினியில் நிறுவப்பெறும் இவ்விரண்டும் இணையமின்றியும் இயங்குவன. கூகுள் ஸ்லைட்ஸில் பலர் ஒரே கோப்பில் ஒருங்கே எழுதலாம். ஆனால், அதற்கு இணையத் தொடர்பு தேவை. 2013இல் தொடங்கப்பெற்ற கேன்வா, அழகிய வார்ப்புருக்களை ஆயத்தமாகத் தருகிறது.

தமிழ் சிதையாதிருக்க

வீட்டில் அமைத்த கோப்பைப் பள்ளிக் கணினியில் வேறொரு மென்பொருளில் திறக்கும்போது வரிகள் இடம்பெயரலாம், அசைவூட்டங்கள் மாறலாம். பழைய குறியாக்க எழுத்துருவில் தட்டச்சிட்ட தமிழோ, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். ஒருங்குறியில் எழுதினால் இவ்விடர் பெரிதும் நீங்கும். 2010இல் தமிழக அரசும் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. பிடிஎஃப் வடிவில் ஒரு படியைச் சேமித்து வைப்பதும் நன்று.

குறிப்பும் தொடர்பும்

கருவி எதுவாயினும் கருத்தில் கொள்ளவேண்டிய குறை ஒன்றுண்டு. வார்ப்புருவின் கட்டங்களை நிரப்பும் மாணவர் 'சாய்கூரை', 'முற்றம்', 'மழைநீர்' எனத் தனித்தனிச் சொற்களை அடுக்கிவிடுகின்றனர். சாய்ந்த ஓட்டுக்கூரைகள் மழைநீரை நடுமுற்றத்திற்குக் கொணர்கின்றன. வானம் பார்த்த அம்முற்றமே சூழ்ந்துள்ள பகுதிகளுக்கு ஒளியும் காற்றும் அளிக்கிறது. அடுக்கிய சொற்களில் இத்தொடர்பு மறைகிறது. கட்டடக்கலை அறிவோ அத்தொடர்பிலேயே அடங்கியுள்ளது. அமெரிக்க அறிஞர் எட்வர்டு டஃப்டி, விளக்கக்காட்சியின் இக்குறையை 2003இல் விரிவாகச் சுட்டிக்காட்டினார்.

எனவே, சொல்லவேண்டியதை முதலில் தாளில் தொடர்களாக எழுதுக. பின்னர்க் காட்டவேண்டிய படத்தைத் தேர்க. இறுதியில் சூழலுக்கேற்ற மென்பொருளைக் கொள்க. முற்றத்தின் படம் திரையில் ஒளிரட்டும். அதன் பயனை மாணவர் தம் சொற்களில் விளக்கட்டும். திரையைப் படித்துக்காட்டுதல் எளிது. அவையோரை நோக்கிப் பேசுவதற்கே புரிதல் வேண்டும்.